முழுக்கைச் சட்டை

ஊசி எடுத்த இடத்தில் வைத்த பஞ்சை ராஜன் வலது கைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்திருந்தான். நர்ஸ் மிசி வந்து பஞ்சைத் தூக்கிப் பார்த்து, ரத்தம் நின்றுவிட்டது என்று பிளாஸ்திரி ஒட்டிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு தாமரையின் வேலை. முழங்கைக்கு மேல் சுருட்டி வைத்திருந்த சட்டைக் கையை மெதுவாக இறக்கி, புடைத்துக் கிடக்கும் அந்த நரம்பின் மேல் உரசாமல் மணிக்கட்டுவரை கொண்டுவந்து பொத்தானைப் போட வேண்டும். ரத்தம் கழுவும் மெஷினுக்காக இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்த இடம் அது. தோலுக்கு அடியில் ஒரு விரல் தடிமனுக்குப் பாம்புக்குட்டி சுருண்டு படுத்திருப்பது போல இருக்கும். தொட்டால் உள்ளே விர்ரென்று ஓடும். கல்யாணமான புதிதில் அவன் நெஞ்சில் காது வைத்துப் படுத்தவளுக்கு இப்போது அவன் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்துகொள்ள அந்த இடம்தான்.

பக்கத்து நாற்காலியில் ரெங்கசாமி இன்னும் மெஷினில் இருந்தார். கேரித் தீவுத் தோட்டத்தில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டிய மனிதர். நெற்றி நிறைய விபூதியோடு வந்து, நாலு மணி நேரமும் யாரையாவது வம்புக்கு இழுத்துக்கொண்டிருப்பார்.

"இந்த வெயில்ல முழுக்கைச் சட்டை போடறவன் ரெண்டே பேருதான்லா. ஒருத்தன் இன்சூரன்ஸ் விக்கிறவன், இன்னொருத்தன் நீ. நீ எந்த கம்பெனி தம்பி?"

ராஜன் சிரித்து வைத்தான். தாமரை சிரிக்கவில்லை. அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னால், நாங்கள் கர்த்தருடைய கம்பெனி என்றுதான் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

வேனை அவள் எப்போதும் மெஷின் இடம் இருந்த கடை வரிசைக்குப் பின்னால், சாக்கடை ஓரமாகத்தான் நிறுத்துவாள். கிள்ளானில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் மஞ்சள் வேன் அது. கதவில் பெரிய எழுத்தில் அவளுடைய தொலைபேசி எண் இருந்தது. சபைக்காரர்கள் பாதிப் பேருக்கு அந்த எண் மனப்பாடம். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, ராஜனை ஏற்றிக்கொண்டு செம்பனைக் காட்டுச் சாலையில் ஜெஞ்சாரோமுக்கு வருவாள். பள்ளி விடும் நேரத்துக்குள் அவனை முன் இருக்கையில் உட்காரவைத்துக்கொண்டே திரும்பிப் போவாள். கிள்ளானிலேயே வீட்டுக்குப் பக்கத்தில் ரத்தம் கழுவும் இடங்கள் இருக்கின்றன. ஆனால் அங்கே ஒன்றில் சபைச் செயலாளரின் தம்பி படுத்திருக்கிறார், இன்னொன்றில் பாடகர் குழுவில் பாடும் பெண் மிசியாக இருக்கிறாள். ராஜன் குணமாகிவிட்டான் என்று சபைக்குத் தெரியும். குணமானவன் மெஷினில் படுத்திருப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாது.

போன வருஷம் பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில் நடந்த உபவாசக் கூட்டத்தில்தான் அது நடந்தது. வெளியூரிலிருந்து வந்த தேவ ஊழியர் ஒருவர் ராஜனின் வயிற்றில் கை வைத்து ஜெபித்தார். ராஜன் தரையில் விழுந்து எழுந்தான், உடம்பில் சூடாக ஏதோ இறங்கியது என்றான். அவர்களுடைய சபையில் ஒரு வழக்கம் உண்டு. நன்மை பெற்றவன் அதை வாய்விட்டு அறிக்கையிட வேண்டும், தாமதித்தால் வந்தது போய்விடும். பரிசோதனை முடிவுக்காகக் காத்திருப்பது சந்தேகப்படுவதற்குச் சமம். அன்றைக்கே மேடையேறி மைக்கைப் பிடித்து, நான் குணமானேன், இனி மெஷினுக்குப் போகமாட்டேன் என்று ராஜன் சாட்சி சொன்னான். மண்டபமே எழுந்து நின்றது. யாரோ எடுத்த வீடியோ போன் போனாகப் பரவியது. இரண்டு முறை அவன் மெஷினுக்குப் போகவில்லை. முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தான், மீன் குழம்பு கேட்டுச் சாப்பிட்டான், தாமரை சந்தோஷத்தில் பரண்மேல் இருந்த அவனுடைய பழைய ஃபோர்க்லிஃப்ட் வேலைக்குக் காலில் போடும் சப்பாத்தைக்கூட எடுத்துத் துடைத்து வைத்தாள். அதற்கடுத்து ஒரு விடியற்காலையில் அவன் மூச்சு விட முடியாமல் கட்டிலில் உட்கார்ந்து, கரைக்கு வந்த மீன் போல வாயைத் திறந்து திறந்து மூடினான்.

பெரிய ஆஸ்பத்திரியில் காப்பாற்றிவிட்டார்கள். முகத்தில் மாட்டியிருந்த ஆக்சிஜன் மூடியை விலக்கி அவன் சொன்ன முதல் வார்த்தை, என் சாட்சியக் கெடுத்துடாத தாமரை என்பதுதான். அப்போது போன் அடித்தது. சபையின் பாஸ்டர் கமலநாதன். ஞாயிற்றுக்கிழமை ஏன் வரவில்லை என்று கேட்டார். ஜொகூரில் உறவுக்காரர் ஒருவர் தவறிவிட்டார், சாவு வீட்டில் இருக்கிறோம் என்று தாமரை சொன்னாள். அவருக்காக ஜெபிக்கிறேன் சிஸ்டர் என்றார் அவர். இல்லாத ஒரு பிணத்துக்காக பாஸ்டர் போனிலேயே ஜெபித்ததும், அவள் ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்று ஆமென் சொன்னதும் இன்னும் அவள் காதில் இருக்கிறது.

பாஸ்டரைக் கெட்டவர் என்று சொல்ல முடிந்திருந்தால் எல்லாம் சுலபமாக இருந்திருக்கும். ராஜனுக்கு இனிப்பு நீர் வியாதி முற்றி, சிறுநீரகம் போய், துறைமுகத்தில் வேலையும் போன நாட்களில் சொந்த அண்ணன் தம்பி எட்டிப்பார்க்கவில்லை. தெரிந்தவர் யாரோ சொல்லி வந்த அந்த மனிதர்தான் ராஜன் எடுத்த வாந்தியைத் தன் கையால் துடைத்தார். அவர் பொய் சொல்கிறவரும் இல்லை. ராஜன் குணமானதை அவர் உண்மையாகவே நம்பினார். கஷ்டமான நேரங்களில் ராஜனை நினைத்துக்கொள்வேன் என்று ஒருமுறை சொல்லிவிட்டு அழுதார். தாமரை அன்றைக்கு அவர் கண்ணைப் பார்க்காமல் அவர் சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெஞ்சாரோமில் காத்திருக்கும் காலைகளில் அவள் வேனுக்குள் உட்கார்ந்து ஜெபிக்கப் பழகியிருந்தாள். முதலில் கேட்டாள். இன்னொரு முறை தொட்டுவிடு, நாங்கள் சொன்ன பொய்யை நீயே உண்மையாக்கிவிடு, உனக்கு அது ஒன்றும் பெரிய வேலையில்லை என்று கேட்டாள். பிறகு சண்டை போட்டாள். சபையில் யாரும் கேட்டிருக்காத வார்த்தைகளை எல்லாம் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சொல்லியிருக்கிறாள். அப்புறம் கேட்பதற்கும் திட்டுவதற்கும் ஒன்றும் மிச்சமில்லாமல் போயிற்று. அப்படி ஒன்றுமில்லாத ஒரு காலையில்தான் பின் இருக்கையில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல அவளுக்குத் தோன்றியது. பிள்ளைகள் விட்டுப்போன தண்ணீர் போத்தல்களுக்கும் பிஸ்கட் தூளுக்கும் நடுவில், குட்டை இருக்கையில் முழங்கால் இடிக்க, கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர். திரும்பிப் பார்த்தால் இருக்கமாட்டார் என்று தெரியும், அதனால் அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆறுதலாக அவர் எதுவும் சொல்லவில்லை. எதுவும் சொல்லாமல் இருந்ததாலேயே அவர் மேல் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

வண்டி ஓட்டும்போது வெயில் மறைக்கும் பலகையில் ஒரு தாளைச் செருகி வைத்திருந்தாள். ஞாயிறு பள்ளிப் பிள்ளை ஒன்று வர்ணம் தீட்டிவிட்டு வேனிலேயே மறந்து போன தாள். மரித்து எழுந்த இயேசு தன் கைகளை விரித்துச் சீஷனுக்குக் காட்டுகிறார். பிள்ளை அங்கிக்கு நீலம் அடித்து, உள்ளங்கைக் காயம் இரண்டுக்கும் பச்சை அடித்திருந்தது. சிவப்புப் பென்சில் கூராக இல்லையோ என்னவோ. சாவையே ஜெயித்து வந்தவர் கையில் ஓட்டையை மட்டும் ஏன் அப்படியே விட்டுவைத்தார் என்று தாமரை அடிக்கடி யோசிப்பாள். அதைச் சரி பண்ணிக்கொள்ள அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அங்கியின் கையை இழுத்து மூடியிருந்தால்கூட யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் அந்தப் பச்சைக் காயங்கள் அவளைப் பார்க்கும், அவள் விளக்கைப் பார்ப்பாள்.

ரெங்கசாமி வம்புக்கு இழுத்த அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் வேனைக் கிளப்பும்போது பாஸ்டர் ராஜனைக் கூப்பிட்டார். விஷ்ணுப்ரியா என்று ஒரு பெண், பாலர் பள்ளி ஆசிரியை, இருபத்தாறு வயது. இரண்டு கிட்னியும் போய் சில மாதங்களாக மெஷினில் இருக்கிறாள். நிச்சயம் செய்த மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள். ராஜனுடைய வீடியோவைப் பார்த்துவிட்டுத் தானாகச் சபையைத் தேடி வந்திருக்கிறாள். நாளை சாயங்காலம் அவள் வீட்டில் ஜெபக் கூட்டம், ஞாயிற்றுக்கிழமை சபையில் ராஜனே அவள் தலையில் கை வைத்து ஜெபிக்க வேண்டும் என்றார். ஸ்பீக்கரில் வந்த அந்தக் குரலில் அவ்வளவு நம்பிக்கை. ராஜன் சரி பாஸ்டர் என்றான். போனை வைத்த பிறகு இடது கைப் பொத்தான் சரியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

விஷ்ணுப்ரியாவின் வீடு கிள்ளானில் ஓர் அடுக்குமாடியின் மூன்றாவது மாடியில் இருந்தது. அம்மா புஷ்பவல்லி பெரிய குங்குமப் பொட்டோடு கதவைத் திறந்தாள். சாமி படங்களைத் துணி போட்டு மூடி வைத்திருந்தாள். வருகிறவர்கள் மனம் கோணக்கூடாதே என்று செய்திருக்கிறாள், யாரும் அவளிடம் அப்படிச் சொல்லவில்லை. விஷ்ணுப்ரியா கழுத்தில் இருந்த குழாய் தெரியாமல் சால்வை சுற்றியிருந்தாள். கையில் ஆபரேஷன் செய்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, அந்த நரம்பு புடைத்து வரும்வரை கழுத்துக் குழாய்தான் என்றாள். காலையும் மாலையும் கையில் விரலை வைத்து ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று ஏதோ பாலர் பள்ளிப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது போலச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அப்படிச் சிரிக்கிற பெண்ணாக அவள் இல்லாமல் இருந்திருக்கலாம்.

கூட்டத்தில் ராஜன் தன் கதையைச் சொன்னான். பல முறை சொன்ன கதை, எந்த இடத்தில் குரல் தழுதழுக்கும் என்று தாமரைக்குத் தெரியும். சரியாக அந்த இடத்தில் தழுதழுத்தது. கடைசியில் புஷ்பவல்லி எல்லோருக்கும் கிளாஸில் சூடாகத் தே ஊற்றிக்கொண்டு வந்தாள். தாமரையின் பக்கத்தில் குனிந்து, நம்ம பொண்ணுக்கும் இதே மாதிரி நடந்துரும்ல என்று கேட்டாள். தாமரை தேயைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

விஷ்ணுப்ரியா வேன்வரை கூடவே இறங்கி வந்தாள். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினாள். ராஜன் பாஸ்டரோடு முன்னால் போய்விட்டிருந்தான்.

"ஆன்டி, அங்கிள் நிப்பாட்டினப்போ மொத வாரம் எப்படி இருந்துச்சு?"

சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. அரை இருட்டு, பக்கத்தில் யாருமில்லை, கேட்டவளே வழியைத் திறந்துவிட்டிருக்கிறாள்.

"பயமா இருந்துச்சும்மா," என்றாள் தாமரை.

"பயம்தான் விசுவாசத்துக்கு எதிரின்னு பாஸ்டர் சொன்னாரு ஆன்டி. நான் பயப்படப் போறதில்ல," என்று சொல்லி அவள் தாமரையின் கன்னத்தில் முத்தம் வைத்துவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினாள். முதல் திருப்பத்தில் அவள் நின்று மூச்சு வாங்குவது கீழேவரை கேட்டது.

வியாழக்கிழமை ஜெஞ்சாரோமில் ராஜன் மெஷினில் படுத்திருந்தபோது தாமரையின் போனுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. வேனில் உட்கார்ந்து கேட்டாள். "ஆன்டி, இன்னைக்கு நான் போகல. மிசி போன் மேல போன் போடறாங்க, எடுக்கல. உடம்பு ரொம்ப லைட்டா இருக்கு ஆன்டி, ப்ரெய்ஸ் த லோர்ட்." பின்னணியில் புஷ்பவல்லி ஏதோ பேசுவதும் டிவி ஓடுவதும் கேட்டது. தாமரை பதிலை எழுதினாள், உடனே போம்மா என்று. அழித்தாள். அங்கிள் இன்னும் போய்க்கிட்டுத்தான் இருக்காரு என்று எழுதினாள். அதை எழுதும்போது எதிரே இருந்த கடையின் பின்பக்க ஜன்னல் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். ராஜன் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். மெஷின் அவன் ரத்தத்தைச் சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தது. அதையும் அழித்தாள். கடைசியில் கும்பிடுகிற இரண்டு கைகளின் படத்தை அனுப்பிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தாள். பின் இருக்கையில் அன்றைக்கு யாரும் இருந்ததாகத் தோன்றவில்லை.

சனிக்கிழமை பள்ளி இல்லை. மெஷின் முடிந்ததும் வழக்கம்போல ராஜனின் பொத்தானைப் போட்டுவிட்டு அவனை வேனில் ஏற்றினாள். ரெங்கசாமி அன்றைக்குச் சீக்கிரம் முடித்து, கடை வாசலில் மகன் ஓட்டிவரும் காடிக்காகக் காத்திருந்தார். பத்துமலையில் அத்தனை படியையும் ஏறி வேண்டிக்கொண்டேன், இறங்கி வந்து நேராக இங்கே வந்து படுத்தேன், முருகன் கோவிச்சுக்கல என்று யாரிடமோ சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தாமரைக்கு அந்த மனிதர் மேல் பொறாமையாக இருந்தது. தன் சாமிக்கு முன்னால் அவரால் நோயாளியாக நிற்க முடிகிறது.

செம்பனைக் காடு இரண்டு பக்கமும் ஒரே பச்சையாக ஓடியது. அவள் அந்தப் பெண் அனுப்பிய குரல் பதிவைப் போட்டுக் காட்டினாள். ராஜன் கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நாம் சொல்ல வேண்டும் என்றாள். சபையில் வேண்டாம், அவளிடம் மட்டும் சொன்னால் போதும் என்றாள். அவளிடம் சொன்னால் அவள் அம்மாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரிந்தால் பாஸ்டருக்குத் தெரியும் என்றான் அவன். தெரியட்டும் என்றாள். அதற்கு அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கோபப்படவில்லை, தூரத்தில் கூட்டமாகப் பறக்கும் கொக்குகளைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அவளுக்கு நெசமாவே கெடைக்கலாம்லா. யாரு கண்டா."

"உங்களுக்குக் கெடைக்கல."

"கெடைச்சுச்சு. நான்தான் விட்டுட்டேன்." அவன் குரல் மிகவும் சாதாரணமாக இருந்தது. "அன்னைக்கு ராத்திரி முழிச்சுக்கிட்டு மூச்சு ஒழுங்கா வருதான்னு எண்ணிக்கிட்டே இருந்தேன். எண்ணினேன் பாரு, அதான். சந்தேகப்பட்டுட்டேன். அதோட போயிருச்சு."

தாமரை வண்டியை ஓரம் கட்டினாள். பின்னால் வந்த லோரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டிப் போயிற்று. இத்தனை மாதங்களாக அவன் வெட்கத்தால் மறைக்கிறான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். பிரதர் ராஜன் என்று கூப்பிடும் அந்தக் குரல்களுக்காக, எழுந்து நிற்கும் அந்த மண்டபத்துக்காக மறைக்கிறான் என்று நினைத்திருந்தாள். அதுவும் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கு அடியில் இது இருந்திருக்கிறது. கடவுள் கையில் கொடுத்ததைத் தவறவிட்டவன் தானே என்று, ஒவ்வொரு முறை ஊசி இறங்கும்போதும் அவன் அதற்கான தண்டனையை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறான். இதை யார் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது? வாந்தியைத் துடைத்த அதே கைதான். தாமரைக்கு யாரை வெறுப்பது என்று தெரியவில்லை. வெறுப்பு மட்டும் நாக்கில் வேப்பெண்ணெய் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

"அந்த மேடையில நின்ன ஒரு நாள்தான் நான் செத்துக்கிட்டு இருக்காத நாள், தாமரை," என்றான் ராஜன். "அதையும் எடுத்துக்காத."

அவள் வண்டியை எடுத்தாள். வீடு வரும்வரை வெயில் பலகையில் அந்தத் தாளின் நுனி காற்றில் படபடத்துக்கொண்டே வந்தது.

சபை கிள்ளானில் ஒரு டயர் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருந்தாலும் ரப்பர் வாசனை மாடிப்படியில் ஏறி வரும். தாமதமாக வருகிறவர்களுக்கும், அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகும் தாய்மார்களுக்கும் கேட்கட்டும் என்று படிக்கட்டில் ஒரு ஸ்பீக்கர் மாட்டியிருந்தார்கள். விஷ்ணுப்ரியா படியேறி வர வெகு நேரமானது. புஷ்பவல்லி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அந்தப் பெண்ணின் முகம் ஊதியிருந்தது, கண் இரண்டும் உள்ளே போயிருந்தன, செருப்பு வார் பாதத்தில் பதிந்து வரி வரியாகத் தெரிந்தது. உபவாசக் களைப்பு என்று பக்கத்தில் ஒரு சிஸ்டர் சொன்னாள். தாமரைக்கு அந்த முகம் தெரியும். கட்டிலில் உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடினானே, அதற்கு முந்தின நாள் ராஜனுக்கு இருந்த முகம் அது.

சபையில் தாமரைக்கு ஒரு வேலை உண்டு. கை வைத்து ஜெபிக்கும்போது பெண்கள் சிலர் நின்றபடியே பின்னால் சாய்வார்கள். அவர்களைப் பிடித்துத் தரையில் படுக்கவைத்து, கால் தெரியாமல் ஒரு துணியைப் போர்த்த வேண்டும். அதற்காகவே ஊதா நிறத்தில் ஒரு துணி வைத்திருந்தார்கள். பாட்டு ஏறிக்கொண்டே போய் பாஸ்டர் விஷ்ணுப்ரியாவின் பெயரைச் சொன்னதும், தாமரை அந்தத் துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அவள் பின்னால் போய் நின்றாள். ராஜன் எதிரே நின்றான். வெள்ளை முழுக்கைச் சட்டை, அவளே காலையில் இஸ்திரி போட்டது. அவன் வலது கையை அந்தப் பெண்ணின் தலையில் வைத்து, இடது கையை அவளுடைய தோளுக்குப் பக்கமாக நீட்டிக்கொண்டு, கண்களை இறுக மூடி ஜெபிக்கத் தொடங்கினான். மண்டபம் முழுக்க அந்நிய பாஷைகளில் முணுமுணுத்தது. பாஸ்டரின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. கடைசி வரிசையில் புஷ்பவல்லி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கூப்பியிருந்தாள், கோயிலில் நிற்பது போல.

தாமரை எதையும் தீர்மானித்திருக்கவில்லை. தீர்மானிக்க வேண்டும் என்று ராத்திரி முழுதும் நினைத்தும் முடியாமல்தான் வந்திருந்தாள். அவள் பார்த்ததெல்லாம் தனக்கு முன்னால் நீண்டிருந்த அந்த வெள்ளைத் துணிக் கையைத்தான். மெல்லிய பருத்தி, வெளிச்சத்தில் உள்ளே பிளாஸ்திரியின் விளிம்பு நிழலாகத் தெரிந்தது. அவள் விஷ்ணுப்ரியாவின் வலது கையை எடுத்தாள். சில்லென்று, ஈரமாக இருந்தது. அதைத் தூக்கி, சட்டைத் துணிக்கு மேலாகவே, ராஜனின் இடது முழங்கைக்குக் கீழே வைத்து, தன் கையால் மேலே மூடிக்கொண்டாள். பார்க்கிறவர்களுக்கு மூன்று பேர் கைகோத்து ஜெபிப்பதுபோல இருந்திருக்கும்.

ராஜனின் ஜெபம் ஒரு நொடி தடுக்கியது. அவன் கண்ணைத் திறக்கவில்லை. கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை.

அந்தப் பெண்ணின் விரல்கள் முதலில் சும்மா கிடந்தன. பிறகு நின்றன. பிறகு தேடின. காலையும் மாலையும் பழகிய விரல்கள், எங்கே அழுத்த வேண்டும் என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது. துணிக்கு அடியில், புதிதாக ஒட்டிய பிளாஸ்திரிக்குப் பக்கத்தில், அந்த இடம் தன் பாட்டுக்கு விர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் முதுகு தன் நெஞ்சின் மேல் சாய்வதைத் தாமரை உணர்ந்தாள். முழங்கால் மடிந்தது. நீர் கட்டிய உடம்பு, எதிர்பார்த்ததைவிட மிகவும் கனமாக இருந்தது. இருவருமாகவே தரையில் உட்கார்ந்தார்கள். மண்டபம் அல்லேலூயா என்று முழங்கியது. யாரோ ஓடிவந்து தாமரையின் தோளிலிருந்த ஊதாத் துணியை எடுத்து அந்தக் கால்கள் மேல் போர்த்திவிட்டுப் போனார்கள்.

"ஆன்டி, அங்கிளுக்கு ஓடுது." அந்தச் சத்தத்தில் தாமரைக்கு மட்டுமே கேட்டது.

"ஆமாம்மா."

"திரும்ப எப்போ போனாரு?"

"மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில போட்ட நாள்லேர்ந்து. நேத்துகூட போனாரு."

விஷ்ணுப்ரியா அழத் தொடங்கினாள். சத்தமில்லாமல், வாயைத் திறந்து, பாலர் பள்ளியில் முதல் நாள் விட்டுவிட்டுப் போகும் அம்மாவைப் பார்த்துப் பிள்ளை அழுவது போல. வயசுப் பெண்ணின் முகத்திலிருந்து அத்தனை நம்பிக்கையும் ஒரே நேரத்தில் இறங்கிப் போவதைத் தாமரை அவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்தாள். அதை எடுத்தது தன் கைதான் என்று அவளுக்குத் தெரிந்தது. பாராட்டவோ மன்னிக்கவோ அங்கே யாரும் இல்லை. ஆவியானவர் தொடுகிறார், அழட்டும், அழவிடுங்கள் என்று பாஸ்டர் மைக்கில் சொன்னார். பாட்டுக்காரர்கள் இன்னும் மெதுவான பாட்டுக்கு மாறினார்கள்.

தாமரை அவள் காதில் பேசினாள். எழுந்திரி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம், எமர்ஜன்சியில் போட்டுவிடுவார்கள், வண்டி கீழேதான் நிற்கிறது என்றாள். அந்தப் பெண் தலையாட்டினாளா, மூச்சு வாங்கினாளா தெரியவில்லை, ஆனால் எழுந்தாள். இருவரும் நாற்காலிகளுக்கு நடுவே நடந்தார்கள். வழிவிட்டவர்கள் எல்லோரும் புன்னகைத்தார்கள், ஒருவர் அவள் தலையைத் தொட்டு ஆசீர்வதித்தார். புஷ்பவல்லி எழுந்து வந்து மகளின் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது போல, எதுவும் கேட்காமல் கைப்பையை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

படியிறங்குவது ஏறியதைவிடக் கஷ்டமாக இருந்தது. மூன்று படிக்கு ஒரு தரம் நின்றார்கள். வேனின் பக்கக் கதவைத் தாமரை தள்ளித் திறந்தபோது உள்ளே அடைந்திருந்த சூடு முகத்தில் அடித்தது. விஷ்ணுப்ரியா முன்னால் ஏறாமல் பின்னால், பிள்ளைகள் உட்காரும் குட்டை இருக்கையில் போய் முழங்கால் இடிக்க உட்கார்ந்தாள். காலடியில் கிடந்த தண்ணீர் போத்தல் ஒன்று உருண்டு போனது. அவள் தன் இடது கைமேல் வலது கை விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாமரை ஓட்டுநர் இருக்கையில் ஏறி, கண்ணாடியில் அவளைப் பார்த்தாள். இந்த முறை திரும்பியும் பார்த்தாள். அவள் அங்கேதான் இருந்தாள்.

மேலே பாட்டு நின்றது. படிக்கட்டு ஸ்பீக்கரில் பாஸ்டரின் குரல் தெருவரை வந்தது. பிரதர் ராஜன், இந்தச் சகோதரிக்காக, நம்ம எல்லாருக்காகவும், உங்க வாயால ரெண்டு வார்த்தை சொல்லுங்க. கைதட்டல். யாரோ மைக்கைக் கைமாற்றும் கரகரப்பு. தாமரை சாவியைத் திருகிவிட்டாள், என்ஜின் ஓடியது, காலைப் பிரேக்கிலிருந்து எடுக்க வேண்டும், எடுக்கவில்லை. ஆன்டி போகலாம் என்றாள் மகளுக்குப் பக்கத்தில் ஏறியிருந்த புஷ்பவல்லி, தன்னைவிட வயதில் சிறியவளை ஆன்டி என்று கூப்பிடுகிறோம் என்பது தெரியாமல்.

வண்டி நகர்ந்தது. ஸ்பீக்கரில் ராஜனின் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது, அவன் இன்னும் பேசத் தொடங்கவில்லை. அந்த மூச்சுக்கு நடுவில் சின்னதாக ஒரு சத்தம், மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றும்போது அது மைக்கின் இரும்பில் உரசுவது போல. ஒரு முறை. பிறகு இன்னொரு முறை. தெருமுனை விளக்கு சிவப்பில் இருந்தது. தாமரை ஜன்னல் கண்ணாடியை முழுவதுமாக இறக்கினாள்.